மீட்டர் எங்கே ஓடுகிறது?

எங்கள் தொலைபேசி விற்பனைக் குழுவுக்கான குறிப்புத் தாளின் முதல் வரி "நிறுவப்பட்ட ஆண்டு: 2012". அடுத்த வரியில் நிறுவனர்களின் பெயர்கள். பிறகு ஊழியர் எண்ணிக்கை, பங்குச் சந்தைக் குறியீடு, அலுவலகங்கள் இருக்கும் ஊர்கள். இப்படியே நான்கு பக்கம். தண்டையார்பேட்டையில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு மாடி அலுவலகத்தில் மாலை ஆறரை மணிக்கு எங்கள் வேலை தொடங்கும். கோடைக்காலத்தில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் அப்போது காலை ஒன்பது மணி. பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்தத் தாளை நம்பித்தான் பேச உட்காருவார்கள். அதை எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு.

ஸ்னோஃப்ளேக் என்ற அமெரிக்கத் தரவு மென்பொருள் நிறுவனத்தைப் பற்றிய தாள் அது. எங்கள் குழு அந்த நிறுவனத்துக்கு எதையும் விற்பதில்லை. அதன் மென்பொருளை வாங்கி வைத்திருக்கும் நிறுவனங்களிடம், அதைச் சீராக அமைத்துப் பராமரிக்கும் பொறியாளர் சேவையை விற்கிறது. புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண், கொருக்குப்பேட்டைக்காரர், தாளை இரண்டு முறை படித்துவிட்டு என் மேசைக்கு வந்தார். "அண்ணா, எல்லா விவரமும் இருக்கிறது. இவர்களுக்குப் பணம் எந்தக் கணக்கில் வருகிறது என்று மட்டும் ஒரு வரிகூட இல்லையே?"

அவருடைய அப்பா மணலி பக்கம் ஒரு சரக்குப்பெட்டக நிலையத்தில் கணக்கெழுதுபவர். கன்டெய்னர் உள்ளே வந்ததிலிருந்து எத்தனை நாள் இலவசம், அதற்குப் பிறகு நாளொன்றுக்கு எவ்வளவு கிரவுண்ட் ரென்ட், கிரேன் ஒரு முறை தூக்கினால் எவ்வளவு என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவர். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவருக்கு அந்தக் கேள்வி இயல்பாக வந்தது. பல ஆண்டுகளாகத் தாள் எழுதும் எனக்கு அது தோன்றவில்லை. அன்று முதல் எந்த நிறுவனத்தைப் பற்றி எழுதினாலும் மீட்டரிலிருந்துதான், அதாவது பணம் எந்தக் கணக்கில் ஏறுகிறது என்பதிலிருந்துதான் தொடங்குகிறேன். இந்தத் துறைக்கு அதைவிட நல்ல வாசல் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ஸ்னோஃப்ளேக்கையே எடுத்துக்கொண்டு அதை விளக்கப் பார்க்கிறேன்.

பெரிய நிறுவனங்கள் தங்கள் விற்பனை, இருப்பு, வாடிக்கையாளர் விவரம் எல்லாவற்றையும் ஓரிடத்தில் குவித்து வைத்துக் கேள்வி கேட்கும் ஏற்பாட்டுக்குத் தரவுக் கிடங்கு என்று பெயர். புதிய விஷயம் அல்ல. 1979இல் தொடங்கிய டெராடேட்டா போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே இயந்திரங்களைச் செய்து விற்றன. இயந்திரம் என்றால் ஒரு பெட்டி. தரவைச் சேமிக்கும் இடமும் கணக்குப் போடும் திறனும் அதற்குள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும். தரவு பெருகினால் பெட்டியைப் பெரிதாக்க வேண்டும். கணக்கு பெருகினாலும் பெட்டியைத்தான் பெரிதாக்க வேண்டும். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலையில் தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரக் கூட்டத்துக்காக ஒருவர் நான்கு மாடிக் கட்டடத்தை விலைக்கு வாங்கி, மிச்ச நாள் முழுவதும் பாதியைப் பூட்டி வைத்திருந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது நிலைமை.

பெனுவா டாஜ்வில், தியெரி குருவான் என்ற இருவர் ஆரக்கிள் நிறுவனத்தில் தரவுத்தளப் பொறியாளர்களாக இருந்தவர்கள். அவர்களோடு வெக்டர்வைஸ் என்ற தரவுத்தளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான மார்ச்சின் ஜுகோவ்ஸ்கி சேர்ந்தார். மூவரும் 2012இல் தொடங்கிய ஸ்னோஃப்ளேக்கின் அடிப்படை யோசனை எளிமையானது: சேமிப்பைத் தனியாகவும் கணக்கிடுவதைத் தனியாகவும் பிரித்துவிடுவது. சரக்குப்பெட்டக நிலையத்தில் யார்டு வேறு, கிரேன் வேறு அல்லவா? பெட்டி கிடக்கும் இடத்துக்கு ஒரு வாடகை. கிரேன் தூக்கும்போது மட்டும் அதற்கு ஒரு கூலி. ஒரே யார்டில் ஐந்து கிரேன்கள் ஒன்றையொன்று இடிக்காமல் வேலை செய்யலாம். வேலை முடிந்ததும் நிறுத்திவிடலாம். அமேசான் போன்றோர் இணையம் வழியே தரும் மேகக் கணினிகளை (கிளவுட்) வாடகைக்கு எடுத்து, அவற்றின் மேல் இந்த ஏற்பாட்டை அவர்கள் கட்டினார்கள்.

இந்தப் பிரிவினையிலிருந்துதான் மீட்டர் பிறக்கிறது. விற்பனைக் குழுவில் இருப்பவர் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

ஸ்னோஃப்ளேக்கில் கணக்கிடும் கிரேனுக்கு "வேர்ஹவுஸ்" என்று பெயர். கிடங்கு என்று பொருள்படும் சொல்லைக் கிரேனுக்கு வைத்திருப்பதால் புதிதாக வருகிறவர்கள் குழம்புகிறார்கள். எங்கள் குழுவிலும் இரண்டு பேர் குழம்பினார்கள். மிகச் சிறிய அளவு வேர்ஹவுஸ் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு கிரெடிட்; கட்டணத்தை எண்ணும் அலகு அது. அடுத்த அளவு 2, அதற்கடுத்தது 4, பிறகு 8, 16 என்று ஒவ்வொரு படியிலும் இரட்டிக்கும். கணக்கு நொடிக்கு நொடி ஓடும். ஆனால் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் குறைந்தது 60 நொடிக்குக் கட்டணம் உண்டு. நின்றுகொண்டிருக்கும் வேர்ஹவுஸை எழுப்பி ஐந்து நொடிக் கேள்வி ஒன்றைக் கேட்டாலும் ஒரு நிமிடக் கூலி கொடுத்தாக வேண்டும். கேள்வி இல்லாமல் எவ்வளவு நேரம் சும்மா இருந்தால் அது தானாக நிற்க வேண்டும் என்பதை வாடிக்கையாளர்தான் அமைக்க வேண்டும். கட்டளை எழுதி உருவாக்கும்போது எதையும் குறிப்பிடாமல் விட்டால் அது 600 நொடி, அதாவது பத்து நிமிடம்.

ஒரு கிரெடிட் எவ்வளவு? பதிப்பையும் பிராந்தியத்தையும் பொறுத்து மாறும். அமெரிக்காவில் என்டர்பிரைஸ் பதிப்புக்கு நாங்கள் தாளில் வைத்திருக்கும் பட்டியல் விலை 3 டாலர். மணிக்கு 8 கிரெடிட் எடுக்கும் நடுத்தரப் பெரிய வேர்ஹவுஸ் ஒன்றை யாரோ ஒரு பொறியாளர் வெள்ளிக்கிழமை மாலை நிறுத்த மறந்துவிட்டு, தானாக நிற்கும் அமைப்பையும் அணைத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 24 டாலர். பத்து மணி நேரத்தில் 240 டாலர், நம் காசில் இருபதாயிரம் ரூபாயைத் தாண்டும். திங்கட்கிழமை காலைவரை ஓடினால் என்ன ஆகும் என்று கொருக்குப்பேட்டைப் பெண் கணக்குப் போட்டுப் பார்த்தார். "அண்ணா, இது டெமரேஜ் மாதிரியே இருக்கிறது" என்றார். கப்பலிலிருந்து இறக்கிய சரக்கை நேரத்தில் எடுக்காதவர் கட்டும் தண்டத்துக்குத் துறைமுகத்தில் வழங்கும் சொல் அது. சரக்கு அசையவில்லை, யாரும் தொடவில்லை, ஆனாலும் ரூபாய் ஏறிக்கொண்டே இருக்கும். இரண்டும் நுட்பத்தில் வேறு. ஆனால் பில்லைப் பார்க்கிறவருடைய வயிற்றில் உண்டாகும் கலக்கம் ஒன்றுதான்.

இந்தக் கலக்கம் யாருக்கு வரும்? வாடிக்கையாளர் நிறுவனத்தில் மென்பொருளைத் தேர்ந்தெடுத்த தரவுப் பொறியியல் தலைவருக்கு முதலில் வராது. நிதிப் பிரிவில் மேகச் செலவைக் கவனிப்பவருக்கு வரும். பழைய பெட்டிக் காலத்தில் ஆண்டுக்கு ஒரு முறை கையெழுத்திட்டு முடித்த செலவு, இப்போது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பொறியாளரின் விசைப்பலகையிலிருந்து கிளம்புகிறது. எனவே எங்கள் தாளில் "முடிவெடுப்பவர்" என்று ஒரே கட்டம் இருந்தது தவறு. குறைந்தது இரண்டு கட்டம் வேண்டும்: தேர்ந்தெடுத்தவர், பில்லைப் பார்த்துக் கவலைப்படுபவர். எங்களைப் போல அமைப்பைச் சீராக்கும் சேவையை விற்கிறவர்களுக்குக் கதவைத் திறப்பவர் பெரும்பாலும் இரண்டாமவர்.

மீட்டரின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பெரிய வாடிக்கையாளர்கள் கிரெடிட்டை அவ்வப்போது வாங்குவதில்லை. ஒன்று முதல் நான்கு ஆண்டுக்கு ஒப்பந்தம் போட்டு, இவ்வளவு பயன்படுத்துவோம் என்று மொத்தமாக உறுதி கொடுத்துத் தள்ளுபடி பெறுகிறார்கள். காசிமேட்டில் விசைப்படகு கடலுக்குப் போகும் முன்பே ஐஸ் ஏற்றிக்கொள்ளும். எத்தனை நாள், எவ்வளவு மீன் என்று ஒரு மதிப்பீட்டில் வாங்குவது அது. குறைவாக ஏற்றினால் மீன் கெடும். கூடுதலாக ஏற்றினால் ஐஸ் உருகிப் போகும். ஒப்பந்தக் காலம் முடிவதற்குள் தீராத கிரெடிட்டும் அப்படித்தான். புதுப்பிக்கும்போது பேசி அடுத்த காலத்துக்குக் கொண்டுபோக முடிந்தால் உண்டு, இல்லாவிட்டால் போனது போனதுதான். ஆகவே இரண்டு விதமான வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். ஐஸ் தீர்ந்துவிட்டதே என்று நடுக்கடலில் தவிப்பவர் ஒருவகை, உருகுகிறதே என்று கரையில் தவிப்பவர் இன்னொருவகை. இரண்டு பேரிடமும் ஒரே வசனத்தைப் பேசினால் ஒருவரிடம் நிச்சயம் தோற்போம்.

ஸ்னோஃப்ளேக்கின் சொந்தக் கணக்குப் புத்தகத்தையும் இந்தக் கண்ணோடுதான் படிக்க வேண்டும். வாடிக்கையாளர் கையெழுத்திடும் நாளில் வருமானம் பதிவாவதில்லை; கிரெடிட் செலவாகும்போதுதான் பதிவாகிறது. 2025 ஜனவரி 31 அன்று முடிந்த நிதியாண்டில் அதன் மென்பொருள் வருமானம் ஏறத்தாழ 346 கோடி டாலர், முந்தைய ஆண்டைவிட 30 விழுக்காடு கூடுதல். கையெழுத்தாகி இன்னும் பயன்படுத்தப்படாமல் இருந்த ஒப்பந்தத் தொகை அதே தேதியில் சுமார் 690 கோடி டாலர். இரண்டாவது எண்தான் கரையில் இருக்கும் ஐஸ். ஆண்டு வருமானத்தைப் போல இரண்டு மடங்கு சரக்கு ஏற்கெனவே விற்கப்பட்டு, கரைவதற்குக் காத்திருக்கிறது. அதைச் செலவழிக்க வைப்பவர் யாராக இருந்தாலும், வெளியிலிருந்து வரும் எங்களைப் போன்ற சிறிய பொறியாளர் குழுவாகவே இருந்தாலும், ஸ்னோஃப்ளேக்கின் விற்பனையாளர் பிரியமாகவே பார்ப்பார்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. அதை மறைத்துத் தாள் எழுதுவது குழுவை ஏமாற்றுவது. வீண் செலவைக் குறைத்துத் தருகிறோம் என்று சொல்லி நாங்கள் வாடிக்கையாளரிடம் போகிறோம். செலவு குறைந்தால் ஸ்னோஃப்ளேக்கின் வருமானமும் அந்த அளவுக்குக் குறையும். அப்படியானால் அதன் விற்பனையாளர் எங்களுக்குத் துணையா, எதிரியா? வீண் செலவைப் பார்த்துப் பயந்த வாடிக்கையாளர் புதிய வேலைகளை அந்தத் தளத்துக்குக் கொண்டுவர மாட்டார். பயம் நீங்கியவர் கொண்டுவருவார். இந்த விளக்கத்தை நான் உண்மையாகவே நம்புகிறேன். ஆனால் அந்த விற்பனையாளரின் காலாண்டு இலக்கு அதை நம்பக் காத்திருக்காது. அவர் காலாண்டின் கடைசி வாரத்தில் நம்மைப் பார்க்கும் கண்ணும் முதல் வாரத்தில் பார்க்கும் கண்ணும் வேறாகத்தான் இருக்கும்.

இதற்கு ஒரு எண் சாட்சி. பழைய வாடிக்கையாளர்கள் போன ஆண்டு 100 ரூபாய் செலவழித்திருந்தால் அதே ஆட்கள் இந்த ஆண்டு எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்ற விகிதத்தை இந்நிறுவனம் காலாண்டுதோறும் வெளியிடுகிறது. 2020இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது அது 158. 2024 ஜனவரி இறுதியில் 131. 2025 ஜனவரி இறுதியில் 126. எண் இன்னும் நூறுக்கு மேல்தான் இருக்கிறது, அதாவது பழைய வாடிக்கையாளர்கள் கூடுதலாகத்தான் வாங்குகிறார்கள். ஆனால் 158இலிருந்து 126 என்பது, பில்லைப் பார்க்க ஆள் வந்துவிட்டார் என்பதையும் காட்டுகிறது. நிறுவனம் பெரிதாகும்போது வேகம் குறைவது இயல்பு என்பார்கள், அதுவும் உண்மைதான். இரண்டு காரணமும் சேர்ந்தே வேலை செய்கின்றன. பேச்சு நடத்தும் பையனுக்கு எது பயன்படும்? முதல் காரணம்.

வாடிக்கையாளர் எண்ணிக்கை அதே தேதியில் 11,159. அவர்களில் கடந்த 12 மாதங்களில் பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவழித்தவர்கள் 580 பேர். நூற்றுக்கு ஐந்து. எங்கள் குழு முன்பெல்லாம் அகர வரிசைப்படி ஆட்களை அழைத்துக்கொண்டிருந்தது. இந்த ஒரு எண்ணைப் பார்த்த பிறகு வரிசையை மாற்றினோம். மீட்டர் வேகமாக ஓடும் வீட்டில்தான் மின் சிக்கனம் பற்றிப் பேச வேண்டும்.

இந்த எண்களெல்லாம் எங்கிருந்து கிடைக்கின்றன என்று புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள். அமெரிக்கப் பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்கள் ஆண்டுதோறும் 10-கே என்ற அறிக்கையையும் காலாண்டுதோறும் 10-கியூ என்ற அறிக்கையையும் அங்குள்ள பங்குச் சந்தை ஆணையத்திடம் தாக்கல் செய்ய வேண்டும். இணையத்தில் யாரும் காசு கொடுக்காமல் படிக்கலாம். தண்டையார்பேட்டையில் உட்கார்ந்திருப்பவருக்கும் நியூயார்க்கில் உட்கார்ந்திருப்பவருக்கும் அது ஒரே நிமிடத்தில் கிடைக்கிறது. தொகுத்துத் தரும் தளங்களுக்குப் பணம் கட்டி, அவர்கள் தரும் ஊழியர் எண்ணிக்கையையும் தொலைபேசி எண்ணையும் ஒட்டி வைத்துத் தாள் என்று சொல்வதைவிட, இந்த அறிக்கையின் அபாயங்கள் பற்றிய பகுதியை மட்டும் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து படிப்பது மேல். ஒரு நிறுவனம் தன்னைப் பற்றித் தானே பயப்படுவதை வழக்கறிஞர் வைத்து எழுதிக் கொடுக்கும் இடம் அது. விளம்பரத்தில் வராதது அங்கே வரும்.

அந்தப் பகுதியில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பயம், சார்ந்திருப்பது. ஸ்னோஃப்ளேக்கிடம் சொந்த யார்டு இல்லை. அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் மூவரின் கணினிகளில்தான் அது ஓடுகிறது. அதன் வேலையில் பெரும்பகுதி அமேசானுடையதில். அந்த மூவரும் சொந்தமாகத் தரவுக் கிடங்கும் விற்கிறார்கள். அமேசானுக்கு ரெட்ஷிஃப்ட், கூகுளுக்கு பிக்குவெரி, மைக்ரோசாஃப்டுக்கு 2023இல் வந்த ஃபேப்ரிக். இடத்தை வாடகைக்கு விட்டவரே பக்கத்துக் கடையில் அதே சரக்கை விற்கிறார். மண்ணடியில் கடை வைத்திருக்கும் யாருக்கும் இந்த உறவை விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு பெரிய போட்டி டேட்டாபிரிக்ஸ். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வகத்தில் 2009இல் மேட்டேய் ஜஹாரியா தொடங்கிய ஸ்பார்க் என்ற திறந்த மென்பொருளிலிருந்து 2013இல் கிளம்பிய நிறுவனம் அது. ஸ்னோஃப்ளேக், தரவிலிருந்து வணிக அறிக்கை தயாரிப்பவர்களிடமிருந்து வளர்ந்தது; டேட்டாபிரிக்ஸ், இயந்திரக் கற்றல் பொறியாளர்களிடமிருந்து வளர்ந்தது. இப்போது இரண்டும் மற்றதன் தெருவுக்குள் நுழைந்துவிட்டன. 2024 ஜூனில் ஸ்னோஃப்ளேக் தன் ஆண்டு மாநாட்டை நடத்திக்கொண்டிருந்த அதே வாரத்தில், டேபுலர் என்ற சிறு நிறுவனத்தை வாங்குவதாக டேட்டாபிரிக்ஸ் அறிவித்தது. ஐஸ்பர்க் என்ற திறந்த அட்டவணை வடிவத்தை உருவாக்கியவர்களின் நிறுவனம் அது. அந்த வடிவத்தில் தரவை வைத்துக்கொண்டால் அது வாடிக்கையாளரின் சொந்த யார்டிலேயே கிடக்கும். இன்று ஒருவருடைய கிரேன், நாளை இன்னொருவருடைய கிரேன் என்று மாற்றிக்கொள்ளலாம். ஸ்னோஃப்ளேக்குக்குச் சேமிப்பு வாடகை குறையும், வாடிக்கையாளரைக் கட்டிப்போடும் கயிறும் தளரும். ஆனாலும் அதுவே ஐஸ்பர்க்கை ஆதரிக்கிறது, வேறு வழி இல்லை. எங்களைப் போன்றவர்களுக்கு இதில் வேலை இருக்கிறது: பழைய வடிவத்திலிருந்து புதியதற்கு மாற்றுவது பொறியாளர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்து செய்ய வேண்டிய காரியம்.

டேட்டாபிரிக்ஸ் பங்குச் சந்தைக்கு வராமல், தனியார் முதலீட்டிலேயே வளர்ந்த நிறுவனம். 2024 டிசம்பரில் 6,200 கோடி டாலர் மதிப்பில் ஆயிரம் கோடி டாலர் திரட்டுவதாக அறிவித்தபோதும் 10-கே கிடையாது. அப்படிப்பட்ட நிறுவனத்துக்குத் தாள் எழுதும்போது வேலைக்கு ஆள் தேடும் விளம்பரங்கள், விலைப்பட்டியல், மாநாட்டு உரைகள், தொழில்நுட்ப ஆவணங்கள் இவற்றைத்தான் நம்ப வேண்டும். உறுதிமொழியோடு தாக்கல் செய்த எண்ணையும் மேடையில் சொன்ன எண்ணையும் ஒரே எழுத்துருவில் அடுத்தடுத்து அச்சிடக் கூடாது. எங்கள் தாளில் முன்னதற்குத் தடித்த எழுத்து, பின்னதற்கு மெல்லிய எழுத்து.

செயற்கை நுண்ணறிவு பற்றிச் சொல்லாமல் இந்தத் துறையில் இன்று யாரும் ஒரு வாக்கியம் பேசுவதில்லை. ஸ்னோஃப்ளேக்கின் பாதையைப் புரிந்துகொள்ளத் தலைமை மாறிய விதத்தைப் பார்த்தால் போதும். 2019இல் தலைமைக்கு வந்த ஃபிராங்க் ஸ்லூட்மன் காலத்தில், 2020 செப்டம்பரில், அது பங்குச் சந்தையில் இறங்கி ஏறத்தாழ 340 கோடி டாலர் திரட்டியது. மென்பொருள் நிறுவனங்களில் அதுவரை காணாத அளவு. அவர் விற்பனையை இறுக்கி நடத்துபவர் என்று பெயரெடுத்தவர். 2023இல் நீவா என்ற தேடுபொறி நிறுவனத்தை ஸ்னோஃப்ளேக் வாங்கியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் ராமசாமி 2024 பிப்ரவரியில் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். நம் சென்னை ஐஐடியில் படித்தவர், கூகுளின் விளம்பரத் தொழிலை நடத்தியவர். அந்த அறிவிப்போடு வந்த அடுத்த ஆண்டுக்கான மதிப்பீடு சந்தை எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்ததால், மறுநாள் பங்கு விலை ஏறத்தாழ 18 விழுக்காடு விழுந்தது.

சென்னையில் படித்தவர் என்ற பெருமை எங்கள் குழுவில் இரண்டு நாள் ஓடியது, எனக்கும் இருந்தது. ஆனால் தாளில் எழுத வேண்டியது அவர் எங்கிருந்து வந்தார் என்பதில் இருக்கும் குறிப்பு. விற்பனையை இறுக்கி நடத்தியவரின் இடத்தில் தேடுபொறியிலிருந்து வந்தவர் உட்கார்ந்திருக்கிறார். அதன் பிறகு நிறுவனம் கார்டெக்ஸ் என்ற பெயரில், தரவு இருக்கும் இடத்திலேயே சாட்ஜிபிடி வகையைச் சேர்ந்த மொழி மாதிரிகளை இயக்கும் வசதிகளை முன்னுக்குக் கொண்டுவந்தது. வங்கியோ மருத்துவமனையோ தன் வாடிக்கையாளர் விவரத்தை வெளியே அனுப்பப் பயப்படும்; மாதிரியை உள்ளே வரவழைத்தால் அந்தப் பயம் குறையும். இதற்கும் கட்டணம் அதே கிரெடிட் கணக்கில்தான். லட்சக்கணக்கான வரிசைகள் கொண்ட அட்டவணையில் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு மாதிரியைக் கேள்வி கேட்கும் கட்டளையை ஒருவர் யோசிக்காமல் இயக்கினால் மீட்டர் பறக்கும். செயற்கை நுண்ணறிவு பற்றிப் பெரிய பேச்சுப் பேசத் தெரியாத எங்கள் பிள்ளைகளுக்கு இந்த ஒரு வாக்கியம் பெரிய துணையாக இருந்தது.

பாதுகாப்பு பற்றிய பகுதியை எழுதும்போது மிகவும் நிதானமாக எழுத வேண்டும். 2024இல் ஸ்னோஃப்ளேக்கைப் பயன்படுத்திய பல நிறுவனங்களின் தரவு திருடப்பட்டது. டிக்கெட்மாஸ்டர், ஏ.டி. அண்டு டி போன்ற பெரிய பெயர்கள் அடிபட்டன. பாதிக்கப்பட்டிருக்கக்கூடிய ஏறத்தாழ 165 நிறுவனங்களுக்குத் தகவல் சொல்லப்பட்டதாக விசாரணை செய்த மாண்டியன்ட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் கூறியது. திருடர்கள் ஸ்னோஃப்ளேக்கின் பூட்டை உடைக்கவில்லை; வாடிக்கையாளர்களின் ஊழியர்களிடமிருந்து வேறு வழியில் திருடிய கடவுச்சொற்களை வைத்து, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாத கணக்குகளில் நுழைந்தார்கள். இதை "ஸ்னோஃப்ளேக் உடைக்கப்பட்டது" என்று தாளில் எழுதினால் அது பொய். "ஒன்றுமே நடக்கவில்லை" என்று விட்டாலும் தவறு. நடந்ததை நடந்தபடி நான்கு வரியில் எழுதி வைத்திருக்கிறோம். அதற்கு மேல் எதிர்முனையில் இருப்பவரைப் பயமுறுத்திச் சேவை விற்கக் கூடாது என்பது நாங்கள் பேசி முடிவு செய்த விஷயம்.

நாள்காட்டி பற்றி ஒரு வலி எனக்கு உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு மென்பொருள் நிறுவனத்துக்குச் சேவை விற்கத் தாள் எழுதிக் கொடுத்தேன். அதன் நிதியாண்டு எப்போது முடிகிறது என்று எழுதவில்லை. டிசம்பர் என்று நானே நினைத்துக்கொண்டேன். புத்தாண்டில் புது பட்ஜெட் வரும் என்று சொல்லி ஜனவரி முழுவதும் பிள்ளைகளை அழைக்க வைத்தேன். அங்கே ஆண்டு முடிவது ஜனவரி 31. இருக்கிற ஒப்பந்தங்களை முடிக்க அவர்கள் மூச்சுவிடாமல் ஓடிக்கொண்டிருந்த வாரங்களில் நாங்கள் போய்க் கதவைத் தட்டியிருக்கிறோம். ஒருவர்கூட ஐந்து நிமிடம் தரவில்லை. மாத இலக்கு போனது, ஊக்கத்தொகை போனது. வியாசர்பாடியிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பையன் தனக்குப் பேசவே வரவில்லை என்று நினைத்து வேலையை விட்டுப் போனான். தவறு அவனுடைய ஆங்கிலத்தில் இல்லை, என் தாளில் இருந்தது. அவனைத் தேடிப் போய்ச் சொன்னேன். அதற்குள் அவன் வேறு வேலைக்குப் போயிருந்தான். ஸ்னோஃப்ளேக்கின் ஆண்டும் ஜனவரி 31இல்தான் முடிகிறது. இப்போது அந்தத் தேதி தாளின் தலைப்புக்குக் கீழேயே சிவப்பு மையில் இருக்கிறது.

விற்பனைக் குழு என்பதிலும் மூன்று வகை உண்டு, ஒரே தாள் மூவருக்கும் பொருந்தாது. ஸ்னோஃப்ளேக்குக்கே ஒன்றை விற்க நினைப்பவர் அதன் செலவுப் பக்கத்தைப் படிக்க வேண்டும்: 2025 ஜனவரியில் முடிந்த ஆண்டில் நிகர நட்டம் ஏறத்தாழ 129 கோடி டாலர், விற்பனைக்கும் சந்தைப்படுத்தலுக்கும் செலவு சுமார் 167 கோடி. இவ்வளவு விற்பனைச் செலவு செய்கிறவரிடம் விற்பனைக் கருவி கொண்டுபோனால் கேட்பார், ஆனால் நட்டத்தைக் குறைக்கச் சொல்லி முதலீட்டாளர்கள் நெருக்குவதால் பேரம் கடுமையாக இருக்கும். அதனோடு போட்டியிடுபவர் ஒப்பந்தம் முடியும் தேதிகளைத் தேட வேண்டும். எங்களைப் போலக் கூடவே நடப்பவர்களுக்கு மீட்டர்.

புதிய தாள் இரண்டே பக்கம். நிறுவப்பட்ட ஆண்டு கடைசிப் பக்கத்தின் அடியில் இருக்கிறது. முதல் பக்கத்தின் முதல் வரி: "கிரெடிட் கணக்கில் பணம் வருகிறது; ஓடும் நொடிக்குக் கூலி." அதன் கீழே இடம் விட்டிருக்கிறோம், அழைக்கப்போகும் வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டிய கேள்வியைப் பேசுகிறவரே தன் கையால் எழுதிக்கொள்வதற்கு.

கொருக்குப்பேட்டைப் பெண் போன வாரம் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சில்லறை வணிக நிறுவனத்தை அழைத்தார். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். வணக்கம் சொன்னார், எங்கிருந்து பேசுகிறோம் என்று சொன்னார், பிறகு தாளில் தன் கையெழுத்தில் இருந்ததைக் கேட்டார்: உங்கள் வேர்ஹவுஸ்கள் வேலை இல்லாதபோது தானாக நிற்பதற்கு எத்தனை நொடி வைத்திருக்கிறீர்கள்? எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. எண்ணூர் விரைவுச் சாலைப் பக்கம் ட்ரெய்லர் ஒன்று ஹாரன் அடித்தது மட்டும் ஜன்னல் வழியாகக் கேட்டது. பிறகு எதிர்முனையில் இருந்த அம்மாள், தனக்குத் தெரியவில்லை என்றும், பில்லைக் கவனிப்பவர் பக்கத்து அறையில்தான் இருக்கிறார், அவரையும் இணைப்பில் அழைக்கிறேன் என்றும் சொன்னார். நம் பெண் ஒரு கையால் ஹெட்போனைச் சரிசெய்துகொண்டு, மறு கையால் தாளில் இரண்டாவது கட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டார்.